யார் வீட்டுக் காய்ச்சல்

மழைக்காலத்தில் தாராவியில் தண்ணீர்க் கஷ்டம் இருக்காது என்று நினைக்கிறவர்கள் தாராவியைப் பார்க்காதவர்கள். மேலே ஆகாயம் பொத்துக்கொண்டு ஊற்றும். கீழே சாக்கடை நிரம்பி அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். ஆனால் குடிக்கவும் உலை வைக்கவும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால், காலை ஐந்து மணிக்குக் கல்லி என்று இங்கே சொல்கிற சந்தின் முனைக் குழாயில் வரிசை பிடித்தாக வேண்டும். ஏழரைக்குக் குழாய் ஒரு தடவை இருமிவிட்டு ஓய்ந்துவிடும். இசக்கியம்மாளுக்குத் தினம் பன்னிரண்டு குடம் வேண்டும். அரிசி உளுந்து கழுவ, ஊறப்போட, ஆட்டுரல் அலச, இட்லிக் கொப்பரைக்கு ஊற்ற என்று தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். தோல் ஷாப்பு வாசலிலும் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப் வாசலிலும் அவள் இட்லிக்கு ஆள் காத்திருக்கும். தண்ணீர் இல்லையென்றால் இட்லி இல்லை. இட்லி இல்லையென்றால் வேலுச்சாமியின் கூலியை வைத்துக்கொண்டு மாசத்தில் இருபது நாள்தான் அடுப்பு எரியும்.

அந்தக் குழாயைக் கொண்டுவந்தவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷமாக முனிசிபாலிட்டிக்கு மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன இடத்தில், பலசரக்குக் கடை வைத்திருந்த அந்த மனிதர் ஒருநாள் கல்லாவைப் பூட்டிவிட்டு, நூற்றைம்பது பொம்பளைகளைக் காலிக் குடத்தோடு வார்டு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினேழாம் நாள் குழாய் வந்தது. அன்றைக்கு இசக்கியம்மாளே அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அது அறுபத்தாறு கடைசியில். அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் ஆட்சி மாறிய சந்தோஷத்தில் இங்கே மிட்டாய் கொடுத்து முடிப்பதற்குள் பம்பாயில் காற்று வேறு பக்கம் அடித்தது. மதராசிகள் வந்துதான் நம் வேலையெல்லாம் போச்சு என்று ஒரு புதுக் கட்சி மைதானம் மைதானமாகக் கூட்டம் போட்டது. அதன் தலைவர் பேசினால் ஜனம் சிரிக்கும், கை தட்டும், கலைந்து போகிற வழியில் ஒரு தமிழன் கடைக் கண்ணாடியை உடைக்கும். தாதரில் நம் ஆள் ஒருவனின் இட்லிக் கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். செம்பூரில் ஒருவனை வேட்டியை உருவி ஓடவிட்டார்கள். அப்போது அண்ணாச்சிதான் முப்பிடாதி அம்மன் கோயில் தகரக் கூரையில் ஒலிபெருக்கி கட்டிப் பேசினார். நமக்குள் சாதி இல்லை, மேலத்தெரு கீழத்தெரு இல்லை, இனி எல்லாரும் ஒரு தாய் பிள்ளை என்றார். வாழ்நாளெல்லாம் எட்ட நின்றே பழகிய ஜனங்கள் அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாள் அழுதுவிட்டாள். அந்த அழுகை பொய்யில்லை.

பாதுகாப்புச் சங்கம் வந்தது. பிறகு வீட்டுக்கு ஒரு ஆள் காவல் வந்தது. பிறகு குழாயடியில் கம்போடு நாலு பையன்கள் வந்தார்கள். பூலோகம் அவர்களுக்குத் தலைவன். பிறகு அண்ணாச்சியைப் பற்றி ஓட்டலில் வாய் தவறிப் பேசிய ஒருவனுக்குக் கால் முறிந்தது. எப்படி முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற மாதிரி, வழுக்கி விழுந்தான் என்று பூலோகம் சொன்னான், கல்லியும் அப்படியே சொன்னது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை மராட்டியரோடு ஒட்டும் உறவும் இல்லை என்று ஆம்பளைகள் எல்லாரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுப்பவன் வீட்டுக்கு மூன்று கிடையாது: தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது. ஊரில் தள்ளிவைப்பது எப்படியோ அதே வழக்கம், ரயிலேறி வந்திருந்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலுச்சாமி வேலை முடிந்து வரும்போது தோண்டிபாவும் கூட வந்தான். ஜெயினுலாப்தீன் சாயபுவின் தோல் ஷாப்பில் இருவரும் பதினோரு வருஷமாக ஜோடி. சுண்ணாம்புக் குழியில் ஊறின எருமைத் தோல் ஒற்றை ஆளுக்கு அசையாது. இந்தக் கரையில் ஒருவன், அந்தக் கரையில் ஒருவன் குறடு போட்டு ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். ஒருவன் மூச்சு முந்திவிட்டால் மற்றவன் குழிக்குள் கிடப்பான். அதனால் ஜோடியை மாற்றுகிறவன் பெண்டாட்டியை மாற்றுகிறவனைவிட மோசம் என்று ஷாப்பில் ஒரு பேச்சு உண்டு. தோண்டிபா சாத்தாரா பக்கத்து மராட்டியன், அடுத்த கல்லியில் குடியிருக்கிறான். தமிழைத் தோல் ஷாப்பில் படித்தவன். கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து நல்ல வார்த்தைக்கு வந்து சேர்ந்தவன். இசக்கியம்மாளை வைனி என்று கூப்பிடுவான். மராட்டியில் அண்ணிக்கு அப்படி.

அவள் இருவருக்கும் கஞ்சி ஊற்றி, சுட்ட கருவாட்டைப் பிட்டு வைத்தாள். ஆறு வயசு பூமாரி அவன் மடியில் ஏறிக்கொண்டது.

“வைனி, எங்க கல்லியிலயும் நேத்து கூட்டம் போட்டானுவ,” என்றான் தோண்டிபா. “மதராசிகூட ஜோடி போடாதேங்கான். தலைவன் போட்டோவ வீட்டுல மாட்டுங்கான்.”

“மாட்டினீயளா?”

“மாட்டாம? கதவு உடையாம இருக்கணும்லா.”

வேலுச்சாமி சிரிக்கவில்லை. “நாளைக்கு நான் என்னத்தச் சொல்ல? ஒன்கூட வேலை செய்ய மாட்டேன், ஒனக்குத் தண்ணி நெருப்பு குடுக்க மாட்டேன்னு சூடத்த அணைக்கணும். அணைச்சிட்டு மறுநா ஷாப்புக்கு வந்து ஒன்கூடத்தான குறடு பிடிக்கணும்? பொய்ச் சத்தியம் வீட்டுக்கு ஆகுமா?”

“சத்தியத்தப் பண்ணிட்டு நீ ஜோடிய மாத்திக்கோ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“நீ நெனைக்க மாட்டே. நான் நெனைப்பேன்லா!”

தோண்டிபா கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு சொல்லுதேன், யார்கிட்டயும் சொல்லிராதீய. எங்க கட்சி வார்டு ஆளு இருக்கான்லா, ரெண்டு தடவ ஒங்க அண்ணாச்சி குடோனுக்குள்ள பின்வாசல் வழியாப் போனான். கையில பேடா டப்பா. நான் அங்ஙன தோல் வண்டி தள்ளிட்டுப் போறேன், கண்ணால பாத்தேன். திரும்பி வரும்போது அண்ணாச்சியே கொடை பிடிச்சு அனுப்புதாரு.”

“எதுக்கு?” என்றாள் இசக்கியம்மாள்.

“பங்குனியில முனிசிபாலிட்டி எலெக்ஷன் வருதுல்லா வைனி. நீங்க பயந்தாத்தான் ஒங்க ஆளுக்கு ஓட்டு. நாங்க பயந்தாத்தான் எங்க ஆளுக்கு ஓட்டு. இந்தக் கல்லி ஒனக்கு, அந்தக் கல்லி எனக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே யாவாரம்.”

அவன் போனபிறகு இசக்கியம்மாள் ஆட்டுரலில் உட்கார்ந்தாள். கை குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தது, புத்தி குடோன் பின்வாசலையே சுற்றிக்கொண்டிருந்தது. உளுந்து பொங்கி வந்த நேரத்தில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வராமல் போயிருக்கலாம் என்று பின்னால் ஆயிரம் தடவை நினைத்தாள்.

“இந்தாங்க. நம்ம ஊர்ல கோயில் சத்தியம்னா யாரு முதல்ல பண்ணுவா?”

“பெரியவுக. பொறவுதான் மத்தவன்.”

“அதையே நாளைக்குக் கேளுங்க. ‘அண்ணாச்சி, அந்தக் கட்சியோட எனக்குச் சங்காத்தமே இல்லன்னு முதல்ல நீங்க அணைங்க, அடுத்தது நானு’ன்னு சொல்லுங்க. தப்பா ஒண்ணுமில்ல, வழக்கத்தத்தான கேக்கோம்? அவுகளால அணைக்க முடியாது. அணைக்காம மழுப்புவாவ. அத்தோட மத்தவனும் அணைக்க வேண்டாம்.”

“அணைச்சிட்டாருன்னா?”

“தாமிரவருணித் தண்ணி குடிச்சு வளந்தவன் முப்பிடாதி முன்னால பொய்ச் சூடம் அணைப்பானா? என்ன பேச்சு பேசுதிய!” என்று அவள் குழவியை ஒரு தள்ளு தள்ளினாள். திருடன்கூடத் திருடிய மாட்டை ஒத்துக்கொள்வானே தவிர சூடத்தை அணைக்கமாட்டான். அவளுக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. கோயில் முன்னால் பெட்ரோமாக்ஸ் இரண்டு. ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். பொம்பளைகள் வரிசையில் முதலாவதாக அண்ணாச்சி சம்சாரம் கோமதியம்மாள், நாலு வயசு மகன் தளவாயை இடுப்பில் வைத்துக்கொண்டு. இரண்டு பேர் தள்ளி இசக்கியம்மாள், பூமாரியைக் கையில் பிடித்தபடி.

அண்ணாச்சி சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. சத்தம் போடுவதற்குத்தான் பூலோகம் இருக்கிறானே. “மக்கா, நான் ஒங்ககிட்ட ஓட்டுக் கேக்கல, காசு கேக்கல,” என்றார். “ஒங்க பிள்ளைக நாளைக்கு இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கணும். அதுக்கு நாம எல்லாரும் ஒரே கையா இருக்கணும். ஒரு கையில அஞ்சு விரலும் அஞ்சு பக்கம் போனா சோறு அள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

ஜனம் முடியாது என்றது.

முப்பது பேருக்குமேல் அணைத்தார்கள். தட்டில் சூடம் எரியும், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் ஒரு அடி, அவ்வளவுதான். வேலுச்சாமி பெயர் வந்தது. அவன் தட்டு முன்னால் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“அண்ணாச்சி, ஒரு வழக்கம் கேக்கேன். கோவிச்சிக்கிடக் கூடாது. ஊர்ல பெரியவுக சத்தியம் பண்ணின பொறவுதான மத்தவன் பண்ணுவான்? அந்தக் கட்சிக்காரன் யாரோடயும் உள்ளுக்குள்ள எனக்குப் பேச்சு இல்லன்னு நீங்க ஒரு சூடத்த அணைச்சிருங்க. அடுத்தாப்புல நான் அணைக்கேன்.”

பூலோகம் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். அண்ணாச்சி கையைக் காட்டி அவனை உட்காரவைத்தார். இசக்கியம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்பப் போகிறான், இதோ மழுப்பப் போகிறான்.

அண்ணாச்சி சிரித்தார். “சரியாத்தான் கேக்கான். கேக்கணும். இப்பிடிக் கேக்கவன்தான் நமக்கு வேணும்.” வேட்டியை இறக்கிவிட்டு, புதுச் சூடம் ஒன்றைத் தானே எடுத்து வைத்துக் கொளுத்தினார். “தாயே முப்பிடாதி, அந்தப் பயலுக யாரோடயும் எனக்கு ஒரு சங்காத்தமும் கிடையாது. நான் பொய் சொன்னா என் ஒத்தப் பிள்ளையைக் கேளு.” உள்ளங்கை பட்டென்று இறங்கியது. சூடம் அணைந்தது. கையில் ஒரு நடுக்கம் இல்லை.

ஜனம் ஓவென்று கத்தியது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இசக்கியம்மாளுக்குக் காலுக்குக் கீழே சேறு நழுவுகிற மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து நம்பிய ஒன்று ஒரு அடியில் அணைந்து போனது.

“இப்ப நான் ஒரு வழக்கம் கேக்கேன்,” என்றார் அண்ணாச்சி, அதே மெல்லிய குரலில். “இந்தப் பேச்ச ஒனக்கு யாருடே சொன்னா? சும்மா வராதுல்லா?”

பூலோகமும் பையன்களும் எழுந்து நின்றார்கள். யார் பெயர் வந்தாலும் இன்றைக்கே கம்பு போய்ச் சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். தோண்டிபாவின் வீடு கூப்பிடு தூரம்.

“யாரும் சொல்லல,” என்றான் வேலுச்சாமி. “நானே கண்ணால பாத்தேன்.”

“அப்பிடியா? அணை. நான் பிள்ளை மேல சொன்னேன். நீயும் பிள்ளை மேல சொல்லு.”

வேலுச்சாமி திரும்பி இசக்கியம்மாளைப் பார்த்தான். அவன் கண் பூமாரியிடம் இறங்கி மறுபடி அவளிடம் வந்தது. அவள் என்ன செய்வாள்? வேண்டாம் என்று தலையை ஆட்டினால் தோண்டிபா செத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதை அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். அவளும் அப்படித்தான் மூடினாள்.

“தாயே, நான் கண்ணால பாத்தேன். பொய்யின்னா என் மகளைக் கேளு.” அவன் கை இறங்கியதை அவள் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

“ரெண்டு பேரு அணைச்சிருக்கோம்,” என்றார் அண்ணாச்சி ஜனத்தைப் பார்த்து. “யாரு பொய்யின்னு இனி அவ பாத்துக்கிடுவா. அதுவரைக்கும் இவன் வீட்டுக்கு மூணும் கிடையாது.”

மறுநாளிலிருந்து கல்லியில் அவர்கள் வீடு இல்லாத வீடாக ஆனது. இசக்கியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சயான் பக்கம் பெரிய பைப் ஒழுகுகிற இடத்துக்கு நடந்தாள். போக ஒரு மைல், வர ஒரு மைல், மழையில். மூன்று நடைக்கு ஆறு குடம். இட்லி பாதியாகக் குறைந்தது. நேற்று வரை அவளிடம் மாவு கடன் வாங்கிய சொர்ணம்மாள் எதிரில் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். ஆனால் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து, கதவிடுக்கிலிருந்து, குழாயடியிலிருந்து எல்லாக் கண்ணும் பூமாரி மேல்தான். பிள்ளை தும்மினால் கல்லி நின்று கேட்டது.

வேலுச்சாமி ஷாப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நடந்ததை அறிந்த தோண்டிபா அன்று குழிக்கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டானாம். “என் பேரச் சொல்லியிருக்கணும்லே நீ, என் பேரச் சொல்லியிருக்கணும்,” என்று இடி இடியென்று இடித்தானாம். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து குறடு பிடித்தார்களாம்.

பதினாறாம் நாள் விடியும்போது பூமாரியின் உடம்பு கொதித்தது.

இசக்கியம்மாள் வாய்விட்டு அழமுடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஆடி மழையில் தாராவியில் காய்ச்சல் வராத பிள்ளை ஏது? தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. பொய்தானே சொன்னோம், கண்ணை மூடிச் சம்மதம் கொடுத்தது நான்தானே என்று அது அவளையே பிடித்து உலுக்கியது.

“கதவைச் சாத்து,” என்றான் வேலுச்சாமி. “அனத்தல் வெளிய கேக்கக் கூடாது. தெரிஞ்சா, அம்மா தீர்ப்புச் சொல்லிட்டான்னு மேளம் அடிப்பானுவ.”

“சாத்தி வச்சுப் பிள்ளையச் சாகக் குடுக்கவா?”

“அப்பிடிச் சொல்லாதளா.”

“நான் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோறேன். இட்லி கொண்டு போற மாதிரியே போறேன்.”

அவள் பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றி, தோளோடு அணைத்து, மேலே இட்லித் துணியைப் போட்டு, கையில் காலிக் கூடையோடு மத்தியான மழையில் கிளம்பினாள். பூமாரி அனத்தினால் அவள் இருமினாள். குழாயடியில் பூலோகம் பீடி குடித்துக்கொண்டிருந்தான். பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, பேச்சு கிடையாதே. ரயில் பாதையைக் கடந்து மாட்டுங்கா பக்கம் ஏறியபிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ் டாக்டரின் சின்ன டிஸ்பென்சரி. நம் கல்லிக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள். ஆபீசர் வீட்டு மாமிகள் வருகிற இடம். பெஞ்சில் ஒரே ஒருத்தி, தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு, மடியில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கோமதியம்மாள்.

இருவரும் ஒருவர் மடியை ஒருவர் பார்த்தார்கள். தளவாயின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கோமதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “எத்தனை நாளா?”

“இன்னைக்குத்தான். பிள்ளைக்கு?”

“நாலு நாளு.” அவள் கண் நிரம்பிவிட்டது. “வெளிய சொல்லாதன்னுட்டாவ. டாக்டரக் கூப்பிட்டா தெரிஞ்சிரும்னு நானாத்தான் பின்வாசல் வழியாத் தூக்கிட்டு ஓடி வந்தேன். அம்மா கேட்டுட்டா. என் பிள்ளையைக் கேட்டுட்டா.”

“அப்பிடியெல்லாம் இல்லம்மா. மழைக் காய்ச்சலு.”

“ஒனக்கென்ன தெரியும்? அந்தக் கட்சி ஆளு எங்க குடோனுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனான். ரெண்டு தடவயும் நான்தான் ஆத்திக் குடுத்தேன். என் கையால. அப்பிடியிருக்க, பிள்ளை மேல ஆணை வைக்காவ, நான் இடுப்புல இவன வச்சிக்கிட்டு நிக்கேன்.” அவள் போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். “ஒன் வீட்டுக்காரரு நெசமாவே கண்ணால பாத்தாரா?”

இசக்கியம்மாள் தயங்கினாள். இந்த ஒரு வார்த்தையை இவள் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுத்தால் அவ்வளவுதான். ஆனால் நாலு நாளாகப் பிள்ளையை மடியில் வைத்துத் தனியாகச் செத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் எப்படிப் பொய் சொல்வது?

“இல்லம்மா. அவரு பாக்கல. பாத்தவனக் காட்டிக் குடுக்க மாட்டாம அணைச்சாரு. நானும் கண்ண மூடிச் சரின்னேன்.”

கோமதியம்மாள் பூமாரியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். “இவளுக்கு அவ்வளவு சூடு இல்ல,” என்றாள்.

“நீங்க ஒரு வார்த்தை சங்கத்துல சொன்னீயன்னா…”

“சொல்லிட்டு நான் எங்க போவேன்? பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தான் ஆகணும். தாய் தகப்பன் இல்ல எனக்கு. கல்லி முழுக்க அவுக காலுல கிடக்கு.”

இசக்கியம்மாள் பூமாரியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றைத் தட்டினார். “இந்த வாரம் முப்பதாவது கேஸ் இது. எல்லாம் தண்ணி பண்ற வேலை. சாக்கடைத் தண்ணி பைப்ல கலக்கறது. கொதிக்க வெச்சுக் குடுங்கோ,” என்றார். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மிக்சர், ஒரே மாதிரி பாட்டில், அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டி.

வெளியே வந்ததும் கோமதியம்மாள், “நீ முன்னால போ. நான் செத்த பொறுத்து வாரேன்,” என்றாள். போகும்போது திரும்பி, “என்னைப் பாத்ததா சொல்லிராத,” என்றாள்.

மூன்றாம் நாள் பூமாரிக்கு வேர்த்துவிட்டது. கஞ்சி கேட்டது. அன்றைக்குக் காலை இசக்கியம்மாள் சயானுக்குக் குடம் எடுத்துக்கொண்டு குழாயடியைக் கடக்கும்போது சொர்ணம்மாளின் குரல் உரக்கக் கேட்டது. இவள் காதில் விழவேண்டும் என்று பேசிய பேச்சு.

“தெரியுமா? அண்ணாச்சி மகனுக்கு ஏழு நாளாக் காய்ச்சலாம். இன்னைக்குத்தான் வெளிய தெரிஞ்சிது. பிள்ளை தேறமாட்டேங்கானாம்.”

இசக்கியம்மாளின் கால் நின்றுவிட்டது. சொல்லாமலே தெரிந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கட்டும் தாயே, ஆனால் இனியாவது இவர்களுக்குக் கண் திறக்கும். கண் திறந்தே ஆகவேண்டும்.

“பின்ன வராதா? ராவும் பகலும் நமக்காக மழையில நிக்க மனுசன். வீட்டக் கவனிக்க நேரம் ஏது?” என்றாள் ஒருத்தி.

“அதில்ல. அந்தப் பொய்ச் சூடம் அணைச்சான்லா வேலுச்சாமி, அந்தப் பாவம் சும்மா விடுமா? நல்ல மனுசன் வீட்டுலதான் போய் விழும். இவ பிள்ளையப் பாரு, குத்துக்கல்லு மாதிரி இருக்கு.”

“அப்பிடித்தான். பாவி பாவம் செய்ய, பக்கத்துல இருக்கவன் அனுபவிப்பான்.”

இசக்கியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது, அழுகைக்குப் பக்கத்திலிருந்து வருகிற சிரிப்பு. காய்ச்சல் இவள் வீட்டில் வந்திருந்தால் இவள் குற்றம். அவர் வீட்டில் வந்தாலும் இவள் குற்றம். அம்மன் பாவம், அவள் என்ன தீர்ப்புச் சொல்லி என்ன செய்ய? அந்தத் தீர்ப்பை எழுதிக்கொள்கிறவன் கை வேறாக இருக்கிறது.

பூலோகம் கம்பைத் தரையில் தட்டினான். தடையை அவனே உடைத்துப் பேசினான். “ஏய், ஒன் ஆளுகிட்டச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குள்ள குடியிருக்க கோலியைக் காலி பண்ணணும். சங்கத்து உத்தரவு. இல்லன்னா கூரை இருக்காது.”

வரிசையில் ஒரு சலசலப்பு. பொம்பளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோமதியம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவளாகத் தண்ணீருக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. கண் குழி விழுந்திருந்தது, தலை வாரவில்லை. பூலோகம் ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தான். பிள்ளை எப்படி, பிள்ளை எப்படி என்று நாலு பக்கமும் கேட்டார்கள். அவள் குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பொய்ச் சூடம், பாவம், ஞாயிற்றுக்கிழமை என்று சொர்ணம்மாள் அவள் காதில் ஒப்பித்ததையும் தலையைக் குனிந்தபடியே கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளிடம் அந்த வார்த்தை இருக்கிறது.

அவள் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் நினைத்தாள்: நான் சொல்லட்டுமா? காப்பி ஆற்றிக் கொடுத்த கதையை, பின்வாசல் வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கதையை? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்த கோமதியம்மாளின் விரல்களைப் பார்த்தாள். மூன்றுநாள் சிவப்பு மிக்சர் கறை நகத்தில் இருந்தது. ஏழு நாள் காய்ச்சல். தன் பிள்ளைக்கு மூன்றே நாளில் இறங்கிவிட்டதே என்று அவளுக்கு வேறொரு யோசனை ஓடியது.

அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நேராகப் பார்த்துச் சொன்னாள். “யம்மா, அந்த மருந்துப் பாட்டிலக் குலுக்கிட்டுக் குடுக்கியளா? சும்மா ஊத்தினா மேல இருக்க சாயத் தண்ணிதான் வரும். மருந்து அடியில தங்கிருது. நல்லாக் குலுக்கிக் குடுங்க. தண்ணியக் கொதிக்க வைங்க. எம் மகளுக்கு அப்பிடித்தான் விட்டுது.”

குழாயடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவள் மகளுக்குக் காய்ச்சலா? அந்த மருந்து இவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் எங்கே பார்த்தார்கள்? எல்லாக் கண்ணும் இவளை விட்டுவிட்டு அண்ணாச்சி சம்சாரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பூலோகம் வாயைத் திறந்தபடி நின்றான். குடம் நிரம்பி வழிந்து அவன் காலில் ஓடியது.

கோமதியம்மாள் தலையை நிமிர்த்தினாள். பத்தொன்பது நாளாக அந்தக் கல்லியில் ஒரு பெண் வாய் இசக்கியம்மாளிடம் பேசியதில்லை.

“குலுக்கல,” என்றாள். “தெரியாமப் போச்சு. இனிக் குலுக்கிக் குடுக்கேன், அக்கா.”